பாண்டிச்சேரி வெக்கையில் ஓவர்கிளாக்: எதைத் தொடலாம், எதை விடலாம்

ப்ராசசரையோ ராமையோ நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் பற்றிய வீடியோக்களைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது அந்த அறையின் வெப்பநிலை. பெரும்பாலும் 20, 22 டிகிரி என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். பாண்டிச்சேரியில் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் ஏசி இல்லாத அறை 34, 35க்குக் கீழே இறங்காது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் இன்னும் மோசம். காற்றில் குளிரும் ப்ராசசரின் சூடு என்பது அறையின் சூட்டோடு ஒரு தொகையைக் கூட்டுவதுதான்; அதே கூலர், அதே வாட் என்றால் 21 டிகிரி அறையில் 74 காட்டுவது நம் அறையில் 88க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே "இன்னும் நிறைய இடம் இருக்கிறது" என்று வீடியோவில் சொல்கிற இடம் நமக்கு ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும்.

அரியாங்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ரெண்டரிங் ரொம்ப நேரம் ஆவுது, சிபியுவ 4.6ல பூட்டிடலாமா?" ரெண்டரிங் என்றது எடிட் செய்ததைக் கடைசி வீடியோவாக உருவாக்குவதை, சிபியு என்றது ப்ராசசரை, 4.6 என்றது கிகாஹெர்ட்ஸை. அவரிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 போர்டு, 3200 என்று எழுதிய 8 ஜிபி ராம் இரண்டு, பெட்டியோடு வந்த கூலர், ஏசி இல்லாத அறை. ஊரில் பலரிடம் இதே மாதிரி ஒன்றுதான் இருக்கிறது என்பதால் அதையே வைத்துப் பேசுகிறேன். அவர் முன்னால் இருந்த வழிகள்: எதையும் தொடாமல் விடுவது, ராமுக்கு எக்ஸ்எம்பி (தயாரித்தவர்கள் ராமில் எழுதி வைத்த வேக அமைப்பு) மட்டும் போடுவது, ப்ராசசருக்கு வோல்டேஜைக் குறைத்து அதன் போக்கில் விடுவது, எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டுவது, ராமின் டைமிங்கை, அதாவது அது பதில் தர எடுக்கும் இடைவெளிகளை, கையால் இறுக்குவது, இல்லையென்றால் அந்த நேரத்துக்குப் பதிலாகக் காசைச் செலவழிப்பது.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், ப்ராசசர்தான் தடையா என்று பார்த்தாக வேண்டும். ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் போதும். ப்ராசசர் 40, 50 சதவீதத்தில் சும்மா நிற்கிறது, கிராபிக்ஸ் கார்டின் வீடியோ என்கோடு நூறில் நிற்கிறது என்றால் ஓவர்கிளாக்கால் ஒரு பலனும் இல்லை. புது கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்று எடுக்கிறார்களே, அந்த எச்.265 கோப்புகளைப் பிரித்துக்கொடுக்கும் வன்பொருள் என்விடியாவில் 50 வரிசைக் கார்டுகளில்தான் வந்தது, 5600லோ உள்ளே கிராபிக்ஸே கிடையாது, ஆகவே அந்த வேலை முழுக்கக் கோர்களின் தலையில் விழும். டைம்லைன் திக்கித் திணறுவதற்குக் காரணம் அதுதான். அதற்கு மருந்து ப்ராக்ஸி (கோப்பின் லேசான நகல்) போட்டு எடிட் செய்வது, அல்லது இந்தக் கோப்புகளைப் பிரிக்கும் குவிக் சிங்க் வன்பொருள் இருக்கும் இன்டெல் ப்ராசசர்; 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவது அல்ல. நண்பருக்குக் கடைசி ரெண்டரில் கோர்கள் நிஜமாகவே முழுசாக ஓடின, அதனால் பேச்சு தொடர்ந்தது.

ராமிலிருந்து ஆரம்பிப்போம்

நிறையப் பேர் வீட்டில் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. காரணம், ராமில் எழுதியிருக்கும் வேகம் பல நேரம் எக்ஸ்எம்பி வேகம். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) போய் அதை இயக்காத வரை போர்டு ஜெடெக் தரநிலை வேகத்திலேயே துவங்கும். ஏசுஸ் போர்டில் இதற்கு டிஓசிபி என்று பெயர், எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி, டிடிஆர்5 ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். மலிவான சில ராம்கள் 1.2 வோல்ட்டிலேயே எதுவும் தொடாமல் 3200 போகும், ஆனால் அவற்றின் சிஎல் (கேட்டதைத் தர ராம் எடுக்கும் தாமதத்தின் எண்) 22 ஆக இருக்கும்.

வேகம் மட்டும் போதாது, சிஎல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல்லை 2000ஆல் பெருக்கி ராம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும், குறைந்தால் நல்லது. 3200, சிஎல் 16 என்றால் 10. 3200, சிஎல் 22 என்றால் 13.75. 2400, சிஎல் 17 என்றால் 14க்குச் சற்று மேல். 3600, சிஎல் 18 என்றால் மறுபடியும் 10தான், ஆனால் ஒரே நேரத்தில் கடத்தும் அளவு கூடுகிறது. இரண்டு ராம் சேர்ந்து ஓடும் இரட்டைச் சேனலில் 2400 ராம் நொடிக்கு 38.4 ஜிபி கடத்தும், 3200 ராம் 51.2 ஜிபி. ஒரே ஒரு ராமைச் செருகி வைத்திருப்பவர் 3200 போட்டாலும் 25.6தான் கிடைக்கும், அவருக்கு எந்த ஓவர்கிளாக்கையும் விட இன்னொரு ராம் வாங்குவதே பெரிய மருந்து.

எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. டிடிஆர்4 தரநிலை 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி பொதுவாக 1.35. டிடிஆர்5ல் 1.1 இருந்த இடத்தில் எக்ஸ்போ 6000 ராம்கள் பல 1.35 கேட்கும். அந்த வோல்டேஜ் ராமைக் கொல்லாது, தயாரித்தவர்களே அதற்குச் சோதித்துத்தான் விற்கிறார்கள். ஆனால் ராமைச் சோதித்த நிறுவனம் உங்கள் போர்டையோ ப்ராசசரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலரையோ சோதிக்கவில்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகியபோது வெளியே வந்தது இதுதான்: எக்ஸ்போவை இயக்கியதும் சில போர்டுகள் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே மிக உயரத்துக்கு ஏற்றியிருந்தன. பிறகு ஏஎம்டி புது பயாஸ் மூலம் அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. ஏஎம்5 போர்டு (ரைசன் 7000 முதல் வந்த வகை) வைத்திருப்பவர்கள் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். நண்பரிடம் இருப்பது போன்ற ஏஎம்4ல் 3200, 3600 அளவுக்கு எஸ்ஓசி 1.1 வோல்ட் சுற்றிலேயே போதும்.

அப்புறம் 3600 பற்றி. ரைசன் 5000ல் ராமும், ப்ராசசருக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் லாபம். 3600 ராமுக்கு ஃபேப்ரிக் 1800 வேண்டும், கிட்டத்தட்ட எல்லாச் சில்லும் அதைத் தாங்கும். 3800க்கு 1900, சிலது தாங்கும், சிலது தாங்குவதுபோல நடிக்கும். அதற்கு மேல் போனால் இரண்டும் பிரிந்து ஓடி, வேகம் ஏறியும் தாமதம் கூடும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியவர்கள் இந்தக் கணக்கில் கொஞ்சம் இறங்கி வர வேண்டும், டிடிஆர்5ல் ரொம்பவே: ரைசன் 7000க்கு இரண்டு ராமில் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200, நான்கு போட்டால் 3600.

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று. ப்ராசசர் தாங்காமல் போனால் அது பெரும்பாலும் கத்திவிடும்: ப்ளூ ஸ்கிரீன் வரும், ரீஸ்டார்ட் ஆகும், ரெண்டர் பாதியில் நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ராம் தாங்காமல் போனால் பல நேரம் ஒன்றுமே தெரியாது. கார்டிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் கோப்பு ராம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் நகல் கெட்டுப்போகும், விண்டோஸ் வாயைத் திறக்காது. மூன்று வாரம் கழித்து ஆல்பத்துக்குப் படம் எடுக்கப் போகும்போது ஒரு கிளிப் நடுவில் பச்சைக் கோடாக இருக்கும், அதற்குள் மெமரி கார்டு இன்னும் மூன்று கல்யாணம் பார்த்திருக்கும். கேம் விளையாடுபவருக்கு இது ஒரு மாலைப் பொழுதுதான் நஷ்டம். கல்யாண வீடியோக்காரர் தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. டிடிஆர்5ல் சில்லுக்குள்ளேயே இசிசி (பிழை திருத்தம்) இருக்கிறதே என்றால், அது சில்லுக்குள் நடப்பதை மட்டும்தான் திருத்தும், ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையே போகும் வழியில் நடப்பதை அல்ல.

ஆகவே எக்ஸ்எம்பி போடலாம், ஆனால் போட்ட அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும், 16 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதன்பின் விண்டோஸிலேயே டெஸ்ட்மெம்5 ஒரு தடவை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான், "ஒண்ணுதானே" என்று கணக்கில் விட்டுவிடக் கூடாது. 3200லிருந்து 3000க்கு இறங்கினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

டைமிங்கைக் கையால் இறுக்குவதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். சுவாரசியமான வேலை, கேம்களில் நல்ல பலனும் உண்டு, வாரக்கணக்கில் நேரத்தை விழுங்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழுச் சோதனை வேண்டும். பிழைப்புக்கு ஓடும் கணினியில் வேண்டாம்.

4.6ல் பூட்டுவதா, வோல்டேஜைக் குறைப்பதா

நண்பர் கேட்டது பூட்டுவதை. 5600 தானாகவே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 4.6 என்றால் நாலரை சதவீதம் கூடுதல். ஒரு மணி நேர ரெண்டரில் மிச்சமாவது மூன்று நிமிடம்கூட இல்லை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ப்ராசசர் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். 1.2 வோல்ட்டில் ஓடியதை 1.3க்கு ஏற்றி 4.6ல் நிறுத்தினால் கணக்குப்படி 22 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூடு. 35 டிகிரி அறையில், பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரில், 90 டிகிரி உச்சவரம்பு உள்ள சில்லில் அதற்கு எங்கே இடம்? இன்னொன்று, இப்படிக் கையால் பூட்டும்போது ஏஎம்டி உள்ளே வைத்திருக்கும் வாட், ஆம்பியர் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். கடைசியாக அணைந்துபோகும் பாதுகாப்பு மட்டும்தான் மிச்சம். 5900எக்ஸ் போன்ற பெரிய சில்லில் பூட்டினால் இழப்பே ஏற்படும், ஒற்றைக் கோரில் 4.8 வரை போகக்கூடியதை 4.4, 4.5ல் கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்போம்.

2012, 2013 வாக்கில் நாம் கற்ற ஓவர்கிளாக் இது. அப்போது ப்ராசசர் நிறுவனங்கள் நிறைய இடத்தை மிச்சம் வைத்து விற்றார்கள், 3.4ஐ 4.4க்கு ஏற்றினால் கண்கூடாகத் தெரியும். இப்போது அந்த மிச்சத்தையெல்லாம் அவர்களே எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறார்கள்.

வோல்டேஜைக் குறைக்கும் வழி வேறு மாதிரி யோசிக்கிறது. ரைசன் 5000 முதல் பயாஸில் பிபிஓ என்ற ஏஎம்டியின் பூஸ்ட் அமைப்புக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கும், 30 முதல் மைனஸ் 30 வரை எண் கொடுக்கலாம், ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 அல்லது 15 கொடுத்து ஆரம்பித்தால் அதே வேகம் குறைந்த வோல்டேஜில் கிடைக்கும், சூடு இறங்கும், சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாமல் 4.4ஐ ஒட்டியே நிற்கும். 5600க்கு ஏஎம்டி வைத்த வரம்பு 76 வாட். பெட்டிக் கூலர் வைத்திருப்பவர் அந்த வரம்பை உயர்த்தவே கூடாது என்பது என் கட்சி. பிபிஓவைத் திறந்ததும் போர்டு "என் வரம்பை எடுத்துக்கொள்ளவா" என்று ஒரு தேர்வு கொடுக்கும், அதைத் தொடாமல் கர்வை மட்டும் மாற்ற வேண்டும். மேலே ஒரு டவர் கூலர் போட்டபின் 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதல் பூஸ்ட் கேட்டுப் பார்க்கலாம், அதுவும் கேம் ஆடுபவருக்குத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கர்வைக் குறைத்தபின் முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபென்ச் பத்து நிமிடம் ஓடிவிட்டது, பிரைம்95ம் ஓடிவிட்டது, அப்படியானால் சரி என்று நினைப்பார்கள். முழுச் சுமையில் கோர்கள் கீழ் வேகத்தில்தான் ஓடும், அங்கே வோல்டேஜ் போதும். சுமை இல்லாதபோது, யூடியூப் பார்க்கும்போது, ஏதாவது ஒரு கோர் மட்டும் திடீரென்று உச்சிக்குப் பாயும், அங்கேதான் பற்றாக்குறை. சும்மா இருக்கும் கணினி சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. கோர் கோராக ஓட்டிச் சோதிக்க கோர்சைக்கிளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஎச்இஏ லாகர் பெயரில் 18 என்ற எண் இருந்தால் ஒரு கோர் தோற்றிருக்கிறது. எந்தக் கோர் என்பதும் அதிலேயே கிடைக்கும், அதற்கு மட்டும் எண்ணைத் தளர்த்தினால் போதும். 19 வந்தால் பொதுவாக ஃபேப்ரிக் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்டெல்லில் தேர்வு இன்னும் சுருங்கும். பெயரில் கே இருந்து, இசட் வரிசைப் போர்டும் இருந்தால்தான் ப்ராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கத்தை (மல்டிப்ளையரை) தொட முடியும். ஐ5 12400, பி660 போர்டு என்றால் ராமை மட்டும் ஏற்றலாம். அதிலும் மெமரி கன்ட்ரோலருக்கான எஸ்ஏ வோல்டேஜ் பூட்டியிருப்பதால் டிடிஆர்4ல் கியர் 1ல் (ராமும் கன்ட்ரோலரும் ஒரே தாளத்தில் ஓடும்போது) 3600க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எச்610 போர்டில் அதுவும் இல்லை. ஏஎம்டியில் ஏ520 போர்டு ப்ராசசரைத் தொட விடாது, ராமை விடும். 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் பார்க்க வேண்டும்: அதிக வோல்டேஜால் அந்தச் சில்லுகள் தேய்ந்துபோவதை 2024ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0x129, அடுத்த மாதம் 0x12பி என்று மைக்ரோகோடுகள் (ப்ராசசருக்கான திருத்தங்கள்) வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த வரிசையை யாராவது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கொடுத்தால் மலிவுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

உத்தரவாதம் என்றதும் ஒரு வரி. ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஏஎம்டி வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது, பிபிஓவும் அதில் அடக்கம்.

உப்புக் காற்றும் கரண்டும்

பாண்டியிலும் கடலூரிலும் கேபினெட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், தூசி தூசியாக இருக்காது, ஈரத்தில் ஊறிய உப்போடு சேர்ந்து கூலரின் தகடுகளுக்கு இடையே கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த வீடு என்றால் ஸ்க்ரூ தலையே துருவேறியிருக்கும். மார்கழியில் சுத்தமான கூலரோடு தேறிய அமைப்பு சித்திரையில் அடைத்த கூலரோடு தேறாது. அதனால் சோதனையை வெயில் காலத்து மத்தியானத்தில் வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் குளிர் காலத்தில் கிடைத்த எல்லையிலிருந்து ஒரு படி இறங்கி நிற்க வேண்டும். அறைச் சூட்டுக்கும் கீழே குளிர்விக்கும் வித்தைகள் நம் ஊருக்கு ஆகாது. வருடத்தின் பெரும்பகுதி காற்றில் இருக்கும் ஈரத்துக்கு 25 டிகிரிக்குச் சற்றே கீழே போன பரப்பில் எல்லாம் தண்ணீர் கோத்துவிடும்.

கரண்ட் விஷயத்தில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்தான் கதாநாயகன். பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ், எர்த் இல்லாத பிளக் பாயின்ட் என்றால் எதையும் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் அவற்றை மாற்றுங்கள். பயாஸ் புதுப்பிப்பதை யூபிஎஸ்ஸில் மட்டும் செய்ய வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் இடி மழை நேரத்தில் யூபிஎஸ் இருந்தாலும் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் போர்டு மரக்கட்டைதான், பயாஸை மறுபடி ஏற்ற உதவும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கும் போர்டு தவிர. ராம் வேகம் ஒத்துவராமல் திரையே வராமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை, கரண்டை எடுத்துவிட்டு க்ளியர் சிமாஸ் ஜம்பரைத் தொட்டு விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஜம்பர் கிடைக்கவில்லை என்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும்.

காசைச் செலவழிக்கும் வழியையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஏறக்குறைய 2,000 ரூபாய்க்கு வரும் ஒற்றை விசிறி டவர் கூலர், 35 டிகிரி அறையில் எந்த பயாஸ் வித்தையும் தராததைத் தரும்: அமைதி. 16 ஜிபி நிரம்பி எஸ்எஸ்டிக்கு வழிந்துகொண்டிருக்கும் எடிட்டிங் கணினிக்கு 32 ஜிபி போடுவது ராமின் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஈடாகாத மாற்றம். அதே போர்டில் 5600ஐ எடுத்துவிட்டு எட்டுக் கோர் 5700எக்ஸ் வைத்தால் ரெண்டரில் கிடைப்பது, 4.6ல் பூட்டிக் கிடைக்கும் நாலரை சதவீதத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் அதே 65 வாட் வகைதான். கேம் மட்டும் ஆடும் தம்பிமார்களுக்கு பெரிய கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் நினைவகம்) வைத்த எக்ஸ்3டி சில்லுகள் வேறு கதை, 5800எக்ஸ்3டியை ஏஎம்டி ஓவர்கிளாக் செய்யவே விடவில்லை, ஆனாலும் அந்தப் பெரிய கேஷ் பல கேம்களில் 5600ஐ எவ்வளவு ஏற்றினாலும் எட்டாத இடத்தில் நிற்கும்.

எனவே நண்பரிடம் சொன்னது: கூலரை மாற்று, எக்ஸ்எம்பியைப் போடு, ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டு, கர்வ் மைனஸ் 15 வை, வரம்புகளைத் தொடாதே, காசு சேர்ந்ததும் 32 ஜிபி. கார்டிலிருந்து நகலெடுக்கும்போது நகலும் மூலமும் ஒன்றுதானா என்று ஹேஷ் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றையும் பழக்கப்படுத்திக்கொள், கார்டை டெலிவரி முடியும் வரை அழிக்காதே. லாஸ்பேட்டையில் ஹாஸ்டல் அறையில் கேம் மட்டும் ஆடும் ஒருவர் கேட்டிருந்தால் 3600க்கு ஏற்றி, டைமிங்கையும் இறுக்கி விளையாடு என்று சொல்லியிருப்பேன், கெட்டுப்போனால் விண்டோஸை மறுபடி போட்டால் முடிந்தது.

அவர் விடவில்லை. "சரிண்ணா, வெயிலுதான பிரச்சன? மார்கழில மட்டும் 4.6 வச்சிக்கலாமா?" வைத்துக்கொள்ளலாம், பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்து மாற்றி மாற்றி ஏற்றவும் முடியும். ஆனால் மார்கழியில் கல்யாணம் ஏது, ரெண்டர் பண்ண?